ஜெனரேட்டர் கரண்டில் பதிந்த குரல்

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்ய எந்த சாஃப்ட்வேர் போடலாம் என்று கேட்டு நீங்கள் சிலர் சேர்ந்து எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்று, ஒரு காதும் மந்தமாகிப்போன ஆளிடம் கேட்பதற்கு உங்களுக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா? இருந்தாலும் கேட்டது சந்தோஷம்தான். நீங்கள் அனுப்பிய பெயர்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் உதவியோடு ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் பாடுகிறவருக்குச் சுருதி விலகினால் அதுவே திருத்திக் கொடுத்துவிடுகிறது. இன்னொன்றில் மின்விசிறிச் சத்தத்தைத் துடைத்து எடுத்துவிடலாம். மூன்றாவதில் இருக்கிற பொத்தான்களைப் பார்த்தால் கப்பல் ஓட்டுகிறவனே மிரண்டு போவான்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள். அது எந்த வேகத்தில் பதிகிறது என்பதை உங்கள் கண்ணில் படும்படி காட்டுகிறதா? சாம்பிள் ரேட் என்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். பதியும்போது ஒன்றாகவும் போட்டுக் கேட்கும்போது வேறாகவும் அது இருந்துவிட்டால் குரல் மாறிப்போகும். உங்கள் வீட்டில் உங்கள் மெஷினில் கேட்டால் ஒரு குறையும் தெரியாது. வேறு எவர் வீட்டிலோ போய்த்தான் அது பல்லை இளிக்கும். இதில் என்ன பெரிய விபரீதம் என்று நினைப்பீர்கள். நானும் போர்ட் பிளேயரின் ஹேடோ பகுதியில் சவரியம்மா என்ற ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. போர்ட் பிளேயரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுப் பிரிவில் எனக்கு வேலை. தீவுகளில் குடியேறியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிந்து மெயின்லேண்டுக்கு அனுப்புவோம். எங்களிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று பெரிய ஸ்பூல் மெஷின், ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒலி அப்படியே ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். சுவரில் செருகினால்தான் ஓடும். மற்றது பேட்டரியில் ஓடும் சின்னது. தோளில் மாட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம், ஆனால் அதில் பதிந்தால் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கும்.

தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பதிந்துவர என்னை அனுப்பியபோது, எந்த மெஷினைக் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. பெரியதுதான் என்று மேலாளர் முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என்னை விட்டிருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பேன். ஒலி எதில் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் எனக்கு எழுதியதிலும் அந்த ஒரு கேள்விதான் இருந்தது, கவனித்தீர்களா?

எங்கள் அலுவலகத்தில் லூர்து என்று ஒரு பெண் டைப்பிஸ்டாக இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீனவக் குடும்பம். அப்பா இல்லை. அண்ணன் அருளப்பன் கேம்பல் பேயில் காட்டுக்குள் ரோடு போடும் கூட்டத்தோடு போயிருந்தான். அம்மா சவரியம்மா ஹேடோ குவார்ட்டர்ஸில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தார். மகனிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அருளப்பனுக்கு எழுத வராது, முகாமில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். அந்த அம்மாவுக்குப் படிக்க வராது, இங்கே லூர்து படித்துக் காட்டுவாள்.

நான் கிளம்புவதற்கு முன் லூர்து என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், எங்கம்மா ஒரே பிடிவாதமா இருக்கு. கடிதாசிய யாரு வேணாலும் எழுதலாம், நீ இல்லாததையும் சேத்துப் படிக்கலாம், எம் மவன் உசுரோட இருந்தா அவன் கொரலக் கொண்டாங்கன்னு சொல்லுது. போற எடத்துல அண்ணன ரெண்டு வார்த்த பேச வச்சுப் பதிஞ்சிட்டு வாங்க சார்."

அதற்கென்ன என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினேன்.

கேம்பல் பே ஜெட்டியில் இறங்கியதும் மெஷினை அங்கே இருந்த ஒரு கிழட்டு லாரியில் ஏற்றினார்கள். நானும் அதிலேயே போனேன். அந்த லாரியின் உறுமல் வயிற்றுக்குள் இறங்கும். ஒரு தகரக் கொட்டகையில் என்னை உட்கார வைத்து, டீசல் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். மேலே தொங்கிய பல்பு, எரிகிறதா இல்லையா என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. புதுக் குடியிருப்பில் இது கிடைத்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

குடியேறிய முன்னாள் ராணுவத்தாரான பஞ்சாபிகள் பேசினார்கள், பாடினார்கள். ஒவ்வொரு சுருளின் தலைப்பிலும், அதாவது தொடக்கத்தில், இடத்தையும் என் பெயரையும் நானே சொல்லிவிட்டுத் தொடங்குவது எங்கள் வழக்கம். நான் சொல்லியனுப்பியதும் அருளப்பன் காட்டிலிருந்து நடந்து வந்தான். மெலிந்த ஆள், வெட்கப்பட்டுக்கொண்டே மைக் முன்னால் உட்கார்ந்தான். நல்லா இருக்கேன், சோறு நல்லா போடுறாங்க, அடுத்த ஜஹாஸ்ல வாரேன், காலப் பாத்துக்கோ என்று பேசினான், கப்பலுக்குத் தீவில் ஜஹாஸ் என்றுதான் சொல்வார்கள். பேசும்போது பின்னால் அந்த லாரி போனது. நிறுத்தவா என்று கேட்க நினைத்தேன், வேண்டாம், பேச்சு வரும்போது தடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டேன். அங்கேயே போட்டுக் காட்டியபோது அவன் தன் குரலைக் கேட்டுச் சிரித்தான். எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

போர்ட் பிளேயர் திரும்பி அலுவலகத்தில் போட்டுக் கேட்டோம். எல்லோரும் அந்தப் பதிவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். என்ன துல்லியம், என்ன உற்சாகம், தீவுக்காற்று மனிதனை எப்படி இளமையாக்கிவிடுகிறது பார் என்று மேலாளர் கூடச் சொன்னார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹேடோ போனேன். வரிசையாக இருந்த குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் சவரியம்மா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். சுவரில் செருகி டேப்பை ஓடவிட்டேன். அருளப்பன் கணீரென்று பேசினான். எல்லோர் முகமும் மலர்ந்தது. கட்டிலில் கிடந்த சவரியம்மா மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது எம் மவன் இல்ல."

"யம்மா, அண்ணந்தான். நல்லாக் கேளு."

"பெத்தவளுக்குத் தெரியாதா? இது யாரோ சின்னப் பய. அவன் கணக்காப் பேசச் சொல்லிக் குடுத்துருக்காங்க. தம்பி, எம் மவனுக்கு என்ன ஆச்சு? செத்துட்டானா? ஏன் மறைக்குதீங்க?"

நான் அவனை நேரில் பார்த்தேன், எதிரில் உட்கார வைத்துப் பேசினேன் என்று எவ்வளவோ சொன்னேன். அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வெளியில் நின்ற பெண்கள் சிலரும், என்ன ஏதென்று தெரியாமலே கூட அழுதார்கள். செத்த வீடு போல ஆகிவிட்டது. எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு தூரம் தூக்கிச் சுமந்து கொண்டுவந்தவன் பொய்யனா என்று.

வீம்புக்கு இன்னொரு தடவை போட்டேன். அப்போதுதான் அந்த லாரி காதில் விழுந்தது. எனக்கு அந்த லாரியைத் தெரியும், அதில் குலுங்கிக்கொண்டு போனவன் நான். டேப்பில் ஏதோ புது ஜீப் போவது போல இருந்தது. டேப்பை நிறுத்தினேன்.

பல்பு ஏன் மங்கலாக எரிந்தது என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெரிய மெஷினின் மோட்டார், வரும் கரண்டின் துடிப்போடு சேர்ந்து ஓடுவது. கேம்பல் பேயில் ஜெனரேட்டர் சுமை தாங்காமல் மெதுவாக ஓடியிருக்கிறது, டேப்பும் மெதுவாக ஓடியிருக்கிறது. அங்கேயே போட்டுக் கேட்டபோது, மெதுவாகப் பதிந்தது மெதுவாகவே ஓடிச் சரியாகக் கேட்டது. போர்ட் பிளேயரின் ஒழுங்கான கரண்டில் அதே டேப் வேகமாக ஓடி, குரலை மெலிதாக்கி இளமையாக்கிவிட்டது. நாங்கள் துல்லியம் என்று பாராட்டியது அந்தப் பிழையைத்தான்.

அந்த மெஷினில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. கரண்டைத்தான் மெதுவாக்க வேண்டும். ஹேடோ ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்த அப்பாராவ் என் சிநேகிதர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அதை நிறுத்தி, ஜன்னல் வழியாக வயரை உள்ளே கொடுத்தோம். அவர் வெளியே இஞ்சினின் வேகத்தைத் திருகிக் குறைக்க, நான் உள்ளே டேப்பை ஓட்டினேன். எவ்வளவு குறைப்பது? அதைச் சொல்லக்கூடியவர் அந்தக் கட்டிலில் இருந்தார்.

"இது அவனா பாருங்கம்மா."

"இல்ல. அவன் கொரலு இன்னும் கனமா இருக்கும்."

இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஜன்னல் வழியே கத்தினேன், "அப்பாராவ், தோடா ஔர் கம் கரோ!"

"ஔர் கம் கரேகா தோ இஞ்சின் பந்த் ஹோ ஜாயேகா, பாய்!" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். இதற்கு மேல் குறைத்தால் இஞ்சின் நின்றுவிடுமாம். ஆனாலும் கொஞ்சம் திருகினார்.

அருளப்பன் மறுபடி முதலிலிருந்து பேசினான். சவரியம்மா கையைத் தூக்கினார். டேப் முடியும்வரை கேட்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இவந்தான்" என்றார். "எம் மவன்தான்."

எனக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம் போல இருந்தது. லூர்து சிரித்துக்கொண்டே அழுதாள். ஆனால் சவரியம்மாவின் முகம் தெளியவில்லை.

"தம்பி, இவனுக்கு ஒடம்பு சரியில்ல. காய்ச்சக் கெடக்கு. மூச்சு வாங்குதான், கேக்கலயா? ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல நிக்குதான். சின்ன வயசுல காய்ச்ச வந்தா இப்பிடித்தான் பேசுவான், எங்கிட்ட மறைக்கதுக்கு."

திரும்பக் கேட்டேன். உண்மைதான். வேகமாக ஓடியபோது உற்சாகம் போலக் கேட்ட பேச்சு, இப்போது களைத்துப்போன ஆளின் பேச்சாக இருந்தது. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கப்பட்டு நிறுத்தி நிறுத்திப் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். காட்டுக் காய்ச்சல் அந்தப் பக்கம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று தீவில் எல்லோருக்கும் தெரியும்.

லூர்துவும் நானும் மேலாளரிடம் ஓடினோம். கேம்பல் பேக்கு வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்ப அவர் எழுதிக் கேட்டால்தான் நடக்கும். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் நல்லாப் பேசியிருக்கான். நீங்க இஞ்சினை மெதுவாக்கி, அவன் குரலை இழுத்து, இப்ப அவன் சீக்காளி மாதிரி பேசுறான்னு சொல்றீங்க. யார் குரலை மெதுவா ஓட்டினாலும் சீக்காளி மாதிரிதானே இருக்கும்? அந்தம்மா பயத்துல இருக்காங்க. அவங்க சொன்ன இடத்துல நீங்க வேகத்தை நிறுத்தியிருக்கீங்க. இதை வச்சு நான் வயர்லெஸ் கேட்டா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

லூர்து என்னைப் பார்த்தாள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சவரியம்மா சொன்ன வேகம் சரியான வேகம்தானா, இல்லை அதற்கும் கீழேயா? அதிகம் மெதுவாக்கியிருந்தால் காய்ச்சல் இஞ்சினுக்குத்தான், அருளப்பனுக்கு இல்லை.

வாசலைத் தாண்டிய பிறகு எனக்கு உறைத்தது. அதே சுருளின் தலைப்பில் என் குரலும் இருக்கிறது. அதே கேம்பல் பே ஜெனரேட்டரில் பதிந்தது. இத்தனை நேரம் அதை ஏன் நினைக்கவில்லை என்கிறீர்களா? நம் தொழிலில் இருக்கிறவர்கள் யாரும் தன் குரலைக் காதில் வாங்குவதில்லை. அந்த இடம் வந்தால் சுருளைத் தள்ளிவிட்டு அடுத்தவர் பேச்சுக்குப் போய்விடுவோம். உங்களில் எத்தனை பேர் அப்படி என்று எனக்குத் தெரியும்.

மேலாளரைக் கெஞ்சிக் கூத்தாடி ஹேடோவுக்கு அழைத்துப்போனேன். அப்பாராவ் இஞ்சினின் திருகாணியைத் தொடவில்லை, சவரியம்மா நிறுத்திய இடத்திலேயே இருந்தது. ஜெனரேட்டரை ஓட்டி, தலைப்பைப் போட்டேன். "இடம் கேம்பல் பே" என்று என் குரல் வந்தது. எனக்கு அது யாரோ போலத்தான் இருந்தது, தன் குரல் யாருக்குத்தான் தெரிகிறது? மேலாளர் டேப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பேசச் சொன்னார், பேசினேன். மறுபடி டேப்பைப் போடச் சொன்னார்.

"நீங்கதான்யா" என்றார். "அப்படியே நீங்கதான்."

அப்படியானால் இஞ்சினின் வேகம் சரி. களைப்பு அருளப்பனுடையது. அவர் அங்கிருந்தே நேராகப் போய்ச் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பதில் வந்தது. ஆள் வேலையில் இருக்கிறான், உடம்புக்கு ஒன்றுமில்லை. முகாமில் அவனையே கேட்டிருப்பார்கள், அவனும் அம்மாவிடம் சொன்னதையே சொல்லியிருப்பான். சவரியம்மா அதை ஏற்கவில்லை. மறுபடி கேளுங்க, டாக்டரைப் பாக்கச் சொல்லிக் கேளுங்க என்று பிடிவாதம் பிடித்தார். மேலாளர் முகம் சுளிக்காமல் மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை பதில் வரத் தாமதமானது. மருந்தகத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள், காய்ச்சல் தலைக்கேறிவிட்டது, கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கப்பலில் ஏற்ற முடியவில்லை என்று வந்தது. கடல் அடங்குவதற்குள் அருளப்பன் அடங்கிவிட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இதை அந்த அம்மாவிடம் சொல்ல நானும் லூர்துவுடன் போனேன். சொல்ல வாயெடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அழவில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் அழுது தீர்த்துவிட்டார் போல.

இங்கே நிறுத்தி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் முதல் பதிவை வேறொருவர் வீட்டில், வேறொரு மெஷினில் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் உங்கள் குரலில் இடத்தையும் பெயரையும் சொல்லுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று பிறகு வெட்டி எறியாதீர்கள். பேசுகிறவருக்குப் பின்னால் லாரி போனால் போகட்டும், அதைத் துடைத்து எடுக்கும் பொத்தானில் கை வைப்பதற்கு முன் யோசியுங்கள். அந்தப் பொத்தான் அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால், சவரியம்மாவைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். பதிந்தது நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் பாராட்டினால் கொஞ்சம் பயப்படுங்கள்.

அப்பாராவின் ஜெனரேட்டரை இன்னொரு தடவை வாங்கி, அந்தப் பேச்சைச் சரியான வேகத்தில் ஓட்டி, பேட்டரி மெஷினில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். சாதாரணக் கரண்டில் போட்டாலே அருளப்பன் அருளப்பனாகப் பேசுவான். லூர்துவிடம் சொல்லி வைத்தேன், அம்மா எப்போது கேட்டாலும் கூட்டிக்கொண்டு வா என்று.

கல்லறைத் திருநாளன்று வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஆட்கள் எல்லோரும் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். சவரியம்மாவுக்குப் போக ஒரு கல்லறை இங்கே இல்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மகளின் தோளில் சாய்ந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

பிரதியைப் போட்டேன். இரண்டு வார்த்தை வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது வேண்டாம் தம்பி. மொதல்ல ஒண்ணு போட்டீங்கள்லா, அதப் போடுங்க."

"அம்மா, அது தப்பான வேகம். உங்க பையன் குரலே இல்லனு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார். "இருக்கட்டும். அந்தப் பயலுக்குக் காய்ச்ச இல்லல்லா."

பிரதியை எடுத்துவிட்டுப் பழைய சுருளை மாட்டினேன். யாரோ ஒரு சின்னப் பையன் கணீரென்று பேசினான். நல்லா இருக்கேன், அடுத்த ஜஹாஸ்ல வாரேன் என்றான். சவரியம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், இன்னொரு தடவை போடச் சொன்னார்.